யாரும் எதுவும் சிந்தவில்லை

போட்டவுடன் இடது பக்கம் இருமும்,
இருபது நிமிடம் சூடானால் சரியாகிவிடும்.
மழை நாளென்றால் வாயே திறக்காது.
நிபியா சொன்னது இவ்வளவுதான்.
நான் கேட்காமலேயே வால்டெமர் ஒன்று சேர்த்துக்கொண்டார்:
"யாரும் எதுவும் சிந்தவில்லை."

எழுபத்தெட்டாம் வருடத்து ஆம்ப்ளிஃபயர்.
மரப்பெட்டி, நெற்றியில் இரண்டு முள் மீட்டர்,
ஒலிக்குமிழில் யாருடைய கட்டைவிரலோ
தேய்த்துத் தேய்த்து வெளுப்பாக்கிய ஒரு பிறை.
மான்டிவிடியோவில் கடல்போல் அகன்ற ஆறு
ஜன்னல் வழியே உப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும்.
இங்கே திருகாணிக்கும் வியர்க்கும்.

ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். இடது.
ரெக்கார்ட் பிளேயர் வயர்களை மாற்றினேன். அப்போதும் இடது.
சரி, நோய் உள்ளேதான்.

மூடியைக் கழற்றி
குண்டு பல்பு வழியாக மின்சாரம் கொடுத்தேன்.
பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது, ஷார்ட் இல்லை.
ஒரு கையை ஏப்ரன் பையில் பூட்டிவைத்து
மறுகையால் அளந்தேன்.
வலதில் நான்கு மில்லிவோல்ட், கல் மாதிரி.
இடதில் தொண்ணூறு, நூற்றுப்பத்து, எழுபது,
"நீதானே எடுத்தாய்?" என்று கேட்கப்பட்ட பிள்ளை மாதிரி
ஓரிடத்தில் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு டிரான்சிஸ்டர் மாற்றினேன். வீண்.
புதன்கிழமை நான்கு கெபாசிட்டர். அதுவும் வீண்,
அந்தக் காசை அவர்களிடம் கேட்கவும் முடியாது.
வியாழக்கிழமை, கோபத்தில்தான்,
ஹேர் டிரையரை எடுத்துப் பலகைமேல் ஊதினேன்.
எண் இறங்கி இறங்கி ஐந்தில் நின்றது.
டிரையரை அணைத்துவிட்டு
மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுவதுபோல
வாயைத் திறந்து ஒரு மூச்சு விட்டேன்.
நூற்று முப்பது.

அட. எதுவும் சாகவில்லை.
ஈரம் எதன்மேலோ வந்து உட்காருகிறது.

பலகையைப் புரட்டினேன்.
செம்புத் தடங்களுக்கு நடுவே பழுப்பாக ஒரு தீவு,
கரையெல்லாம் பென்சிலால் வரைந்ததுபோல.
அதில் ஒட்டிக்கொண்டு அரை நக நீளத்தில் ஒரு காம்பு,
பச்சையாக இரண்டு துணுக்கு.
முகர்ந்து பார்த்தேன்.
எத்தனை வருடம் ஆனாலும்
மாத்தே இலை மாத்தே இலைதான்.

ஆல்கஹால், பல் துலக்கும் பழைய பிரஷ்.
மூன்று நாள் தேடியதற்குப் பத்து நிமிட வேலை.

சனிக்கிழமை வந்தார்கள்.
வால்டெமரின் அக்குளில் பிளாஸ்க், கையில் மாத்தே குடுவை,
இந்த ஊர் ஆண்களுக்கு அவை உடம்பிலேயே முளைத்தவை.
தட்டைச் சுழலவிட்டேன்.
இடது பக்கம் ஒரு பாண்டோனியோன்
முழு மார்போடு மூச்சிழுத்தது.

"என்னதான் கோளாறு?" என்றாள் நிபியா.

காம்பும் துணுக்குகளும்
ரசீதுத் தாளில் மடிந்து என் பையில் இருந்தன.
வால்டெமர் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அது ஏதோ தீர்ப்பு எழுதுவதுபோல.

"ஈரப்பதம்" என்றேன்.
முழங்கால் வலிக்கும், திறக்க மறுக்கும் கதவுக்கும்,
கட்சி தோற்றதற்கும் இங்கே அதுதான் காரணம்.
யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

அவருக்கு முகம் திரும்பி வந்தது.
எனக்கும் ஒரு வாய் ஊற்றித் தந்தார்.
ஊற்றிய கையோடு பிளாஸ்க்கை
ஆம்ப்ளிஃபயர் தலையில் வைக்கப் போனார்,
காற்றுத் துளைகளுக்கு நேர் மேலே.

என் கை எழுவதற்குள்
நிபியாவின் கை வந்துவிட்டது.
அவரைப் பார்க்கவில்லை,
என்னிடம் கூலி கேட்டுக்கொண்டிருந்த பேச்சையும் நிறுத்தவில்லை,
பிளாஸ்க்கை வாங்கி ஒரு சாண் தள்ளி
மேசையில் வைத்தாள்,
வருடக்கணக்காக வைத்துப் பழகிய கை.