என்னத்தைத் தொலைத்தாய்?

ஃபாரோத் தீவுகளில் எங்கள் ஊருக்குச் சாலை ஒன்றுதான்.
படகுத்துறையில் தொடங்கி
மலையைக் குடைந்த சுரங்கத்தின் வாயில் முடியும்.
இரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் நூறு மீட்டர்.
பத்துத் தடவை போய்
பத்துத் தடவை வந்தால் நாற்பத்திரண்டு.
மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டருக்குக்
கடலைத்தான் கேட்க வேண்டும்.

போன வருடம் தலைநகரத்தில் ஓடினேன்.
என் முதுகுக்குப் பின்னால்
மஞ்சள் விளக்குச் சுழல ஒரு வண்டி.
நான் கடந்த ஒவ்வொரு கூம்பையும் எடுத்து
ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கியபடி இரண்டு பேர்.
அவசரமே காட்டவில்லை, நல்லவர்கள்.
அந்த நல்லதனம்தான் தாங்க முடியவில்லை.
நான் ஓடிய பாதை
நான் முடிப்பதற்குள் வெறும் தெருவாகிவிட்டது.

இந்த வருடம் கைப்பேசியில் பெயர் கொடுத்தேன்.
கிளம்பும் நேரம் என் இஷ்டம்.
சால்மன் கூண்டுகளுக்குத் தீனி போட்டுவிட்டு
ஏழே காலுக்குத் தொடங்கினேன்.
மூடுபனி. போகும்போது எதிர்க்காற்று,
திரும்பும்போது அதுவே முதுகில் கை வைத்தது.
வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற
நாணயமான காற்று.

தேவாலயச் சுவரில் ஏணி சாய்த்து
யால்கிரிம் தார் பூசிக்கொண்டிருந்தான்.
முதல் தடவை தலையாட்டினான்.
மூன்றாம் தடவையும் தலையாட்டினான்.
ஆறாம் தடவை ஏணியிலிருந்தே கேட்டான்:
"மரியுன், என்னத்தைத் தொலைத்தாய்?"
"மாரத்தான் ஓடுகிறேன்."
சாலையின் அந்தக் கோடிவரை பார்த்தான்.
இந்தக் கோடிவரை பார்த்தான்.
"மற்றவர்கள் எங்கே?"

மற்றவர்கள் என் இடுப்புப் பையில் இருந்தார்கள்,
திரையில் புள்ளிகளாக.
ஒருவர் லிமாவில், மொட்டைமாடியை வட்டமடித்து.
ஒருவர் சரக்குக் கப்பலின் மேல்தளத்தில்,
எந்தக் கடல் என்று திரைக்கே தெரியவில்லை.
எனக்கு நாற்பது மீட்டர் முன்னால்
அய்நுரா, கிர்கிஸ்தான்.
எங்களுக்கு நடுவே
நாற்பது மீட்டர் அகலத்தில் ஒரு கண்டம்.

பதினான்காம் கிலோமீட்டரில் வயிறு கலக்கியது.
என் வீடு, என் கழிவறை, வரிசை கிடையாது.
பெருமையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை,
ஓடியவர்களுக்குப் புரியும்.
வெளியே வரும்போது
நேற்று வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டை
உப்பில் தொட்டுத் தின்றேன்.

முப்பத்தொன்றில் அய்நுராவின் புள்ளி நின்றது.
தாண்டினேன்.
தாண்டியதும் என் கால்கள் கனத்தன.
காலணிக் கயிறு அவிழ்ந்திருக்கலாம்.
தொட்டிலில் குழந்தை அழுதிருக்கலாம்.
குதிரைக் கூட்டமொன்று வழிமறித்திருக்கலாம்.
யாரிடம் கேட்பது?
கம்பிவேலிக்கு அப்பால் ஒரு கடா
அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.
நடந்தேன்.
தேவாலயத்தருகே நின்றே விட்டேன்.
சுவர் பாதிக்கு மேல் கறுத்திருந்தது.
ஏணி இடம் மாறியிருந்தது.

அப்புறம் புள்ளி அசைந்தது.
"அடி வா!" என்று கத்தினேன்
அவளுக்குப் புரியாத என் மொழியில்,
அவள் காதுக்கு எட்டாத ஒரு சாலையில்.
அவள் என்னைத் தாண்டிப் போனாள்.
போகட்டும்.

படகுத்துறை நூற்று நாற்பது மீட்டர்தான்.
அங்கே தரை தீர்ந்தது, தூரம் தீரவில்லை.
மீதி ஐம்பத்தைந்துக்கு
மீன்பெட்டி அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன்,
தன் வாலைத் துரத்தும் நாய் மாதிரி.
கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது.
ஐந்து மணி ஐம்பத்தெட்டு நிமிடம்.
பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தேன்.
கூம்பு எடுக்க யாரும் வரவில்லை.
என் சாலை சுரங்கம்வரை
அப்படியே கிடந்தது.

யால்கிரிம் வாளியோடு இறங்கி வந்திருந்தான்.
கைதட்டினான்.
தார்க் கை. ஒட்டி, பிரிந்து, ஒட்டி,
மந்தமாய் ஒரு சத்தம்.
"கிடைத்ததா?" என்றான்.
எனக்கு மூச்சு வாங்கியது.
பதிலுக்குக் காத்திராமல்
தேவாலயத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:
"இன்னும் மூன்று சுவர் இருக்கிறது."