கேற் திறக்கும்வரை

பனிக்கன்குளத்துக்கு அங்கால, காட்டோரக் கடவையில்
கேற் இறக்கி ஏற்றுவது என் வேலை.
மணி அடித்தால் இறக்குவேன்.
ரயில் போனால் ஏற்றுவேன்.
நடுவில் கிடக்கிற நேரம் யாருடையது என்று
திணைக்களம் இன்னும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வில்லை நிறப்பெட்டி, கிளிநொச்சியில் வாங்கினது.
கறுப்பை இன்னும் தொடவில்லை.
யோகட் கோப்பையில் கிணற்றுத் தண்ணி.
இங்கத்தைத் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம்;
கேத்தலில் படிகிறதுபோல நீலத்திலும் படியும்,
காய்ந்தபின் வானத்தில் மாத் தூவினமாதிரி.
முதலில் எரிச்சல். பிறகு விட்டுவிட்டேன்.
மாசியில் வானம் இங்கே அப்படித்தான்.

பூவரசுதான் முதலில் பழகியது.
காலையில் மஞ்சள், பின்னேரம் செம்பு,
என்னைப்போல ஒரு ஆள், இரண்டு ஷிஃப்ட்.
பென்சிலால் ஓரம் கீறின நாளெல்லாம்
பூ கொப்பிக்குள் செத்துக் கிடந்தது.
ஒருநாள் ஈரத்தாளில் மஞ்சளைத் தொட்டேன்,
யாழ்தேவி வந்தது, மேசை அதிர்ந்தது,
மஞ்சள் தன்பாட்டில் நடந்துபோய்
நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.
அதற்குப் பிறகு ஓரம் கீறுவதில்லை.

செவ்வரத்தைக்கு மூன்று தொடுகை போதும்.
நாலாவது தொட்டால் சேறு.

பிறகு முகங்கள்.
கேற் இறங்கினால் தானாக வந்து வரிசையில் நிற்கும்.
யாரையும் கூப்பிட்டு இருத்தவேண்டாம்.
உழவு இயந்திரக்காரரின் கொட்டாவி.
வெள்ளைச் சீருடைப் பிள்ளை, ஒரு பின்னல் அவிழ்ந்தபடி.
லீசிங் காசு அறவிடுகிற பெடியன், ஹெல்மெட்டுக்குள் பாதி முகம்,
அந்தப் பாதியும் கணக்குப் பார்த்தபடி.
நாலு நிமிஷம், சிலநேரம் மூன்று.
நெற்றியில் வெளிச்சம் விழுகிற இடத்தை விட்டுவிடுவேன்,
வெறுந்தாள் பார்த்துக்கொள்ளும்.
கடைசிப் பெட்டி தாண்டும்போது
மிச்சமெல்லாம் அவர்களோடு போய்விடும்.
அநேகமாய்க் காது.

ஒரு பெண் நான் பார்ப்பதைக் கண்டு முகத்தைத் திருப்பினாள்.
பதிவுக்கு, படத்துக்கு என்று
நிறைய வரிசைகளில் நின்றவர்கள் நாங்கள்.
அன்றைக்கு அவளின் குடையை மட்டும் வரைந்தேன்.

மீன்காரர் அமிர்தசீலன் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார்.
ஜன்னலில் க்ளிப் போட்டுக் காயவிட்டிருந்தேன்.
மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே,
"உது நானெல்லே?"
"ஓம்."
"காது எங்க?"
"நீங்கள்தான் கொண்டுபோனீங்கள், போன புதன்கிழமை."
யோசித்தார். தடவிப் பார்த்தார். இருந்தது.
"அதுதான் மனிசி சொல்லுறவ," என்றார்,
"எனக்குக் காது கேக்கிறேல்லை எண்டு."

அடுத்தமுறை மணி அடிக்க முன்னமே வந்து நின்றார்,
தலைக்கு எண்ணெய் வைத்து, வாரி,
காதை எனக்கு நேரே தந்தபடி.
கவனமாக வரைந்தேன். அதுதான் பிழை.
காது சரி. மூக்கு சரி. ஆளைக் காணவில்லை.
அவருக்கும் விளங்கியது; மரியாதைக்குத் தலையாட்டினார்.
இன்னும் கிட்ட வந்து குனிந்தபோது
கையிலிருந்து மீன்பெட்டித் தண்ணி,
உப்பும் ஐசும் கரைந்தது, இரண்டு மூன்று சொட்டு
காயாத கன்னத்தில் விழுந்தது.
"ஐயோ பிள்ளை..."
"தொடாதேங்கோ."
நிறம் பின்வாங்கியது.
பிறகு மெல்ல இதழ் விட்டது,
கிணற்றடிச் சுவரில் உவர் பூக்குமே, அதுபோல,
கன்னத்திலிருந்து காதுவரை,
காதையும் சேர்த்து.
பின்னால் லொறி ஹோர்ன் அடித்தது.
ரயில் எப்போதோ போய்விட்டிருந்தது.

படத்தைக் கொண்டுபோகவில்லை, மீன்வாசம் படியுமாம்.
ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்.
பின்னேரம் அவிழ்த்தேன்: சூடை மீன்,
பக்கத்தில் இன்னொரு பேப்பரில் தனியாக
ஒரு கைப்பிடி ஆனையிறவு உப்பு.

மணி அடிக்கிறது.
தாளை நனைத்து வைத்துவிட்டு எழும்புகிறேன்.