பாட்டுக்குப் பிறகான அரை அங்குலம்

வீடு வீடாய் மீட்டர் பார்ப்பது என் வேலை.
மிச்ச நேரத்தில்
ஏழங்குல ரிக்கார்டுகளுக்காக அலைகிறேன்.
மனிதக் கை தட்டாத தாளம்,
ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்த மாதிரி சுரம்.
குளிர் தேசத்து மில் ஊர்களில்
கண்ணுக்கு மை பூசிய பையன்கள்
ஆயிரம் காப்பி அடித்து, எழுநூறு விற்காமல்
ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.
அந்த எழுநூறில் ஒன்று
மேலப்பாளையத்துக்கு எப்படி வந்ததென்றால்
கப்பல். எல்லாம் கப்பல்தான்.

நடு ஓட்டை பெரிதாக இருக்கும் சிலதில்.
பேட்டை லேத்தில் பித்தளை வில்லை கடையச் சொன்னேன்.
எந்த பம்புக்கு மேடம் என்றான்.
பாட்டுக்கு என்றேன்.
நூற்றிருபது ரூபாய்; பில்லில்
பம்பு என்றே எழுதினான்.

மார்கழி வெள்ளம் வடிந்து பத்தாம் நாள்
காசிம் போன் பண்ணினார்:
'வண்ணார்பேட்டை சரக்கு, சேறோட கெடக்கு.
ஒமக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன், சீக்கிரம் வாரும்.'
காயலான் கடையில் எனக்கும் 'வாரும்'தான்.
ஃப்ரிட்ஜ் கதவு, தையல் மெஷின் தலை,
பைண்டு போன வேதாகமம் நாலு,
அதற்கடியில்
களிமண் அடையாய் நாற்பது ரிக்கார்டு.
உறையெல்லாம் கூழ்.
லேபிளை ஆறு தின்றிருந்தது.
கிலோ பதினெட்டு என்றார்.
விலை பேசாமல் கொடுத்தேன்; சந்தேகப்பட்டு
இருபது என்றார்.

பாத்திரச் சோப்பு, பழைய பனியன்,
பிளாஸ்டிக் தொட்டியில் தாமிரபரணி
மூன்று முறை கலங்கித் தெளிந்தது.
பெயரில்லாத ரிக்கார்டுக்குப் பெயர் கண்டுபிடிக்க
ஒரே வழிதான்:
பாட்டு முடிந்தபின்
ஊசி சும்மா சுற்றும் அரை அங்குலம்.
அங்கே ஃபேக்டரிக்காரன் எண் கீறியிருப்பான்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.
எண் படிப்பதுதானே என் பிழைப்பு.

முப்பத்தொன்றாவது.
எண் சரி.
பதினோரு வருஷமாய் நான் தேடும் எண்.
பெல்ஜியத்தில் ஒருவனிடம் இருக்கிறது,
என் நாலு மாதச் சம்பளம் கேட்டான்.
கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.
பிறகுதான் பார்த்தேன்,
எண்ணுக்கு எதிர்ப்புறம்
குண்டூசியால் யாரோ கீறிய தமிழ்,
வளைவுக்கு வளைந்து, எறும்பு வரிசையாய்:

'கிரேனா, ஒனக்கு இது பிடிக்காது.
வாங்கிட்டேன்.'

நான்கு நிமிஷப் பாட்டு.
சாயங்கால வோல்டேஜில் கொஞ்சம் தொய்ந்தது.
பாடுகிறவன்
யாரையும் காதலிக்காதவன் போலப் பாடினான்,
அதற்குத்தானே இவ்வளவு அலைச்சல்.
வெளியே மீட்டரில் சிவப்புப் பொட்டு
அந்த மெஷின் தாளத்துக்குப் பக்கத்தில் போய்
சேராமல் விலகியது.

கிரேனாப்பு என்று ஒரு பெயர்
என் ரூட்டில் ஒன்றே ஒன்று.
வண்ணார்பேட்டை, மூன்றாம் தெரு,
பழைய இணைப்பு, ஒற்றை முனை.
ஜனவரி ரீடிங்குக்குப் போனேன்.
சுவரில் இடுப்புயரம் சேற்றுக்கோடு.
புது மீட்டர் மாட்டியிருந்தார்கள்.
தண்ணி ரொம்ப வந்ததா என்றேன்.
'கட்டில் முங்கிட்டு. அவுக பாட்டுப் பிளேட்டெல்லாம்
வாரிக் கொடுத்தாச்சு, விட்டது தொல்லை.
டிங்கு டிங்குன்னு, நாய் தகரத்த நக்குன மாதிரி,
அதப் போயி மனுசன் கேப்பானா.'
சிரித்தார்.
நானும் சிரித்தேன்.

தொண்ணூற்றாறு யூனிட்.
நூறு வரை இலவசம்,
கட்ட வேண்டியதில்லை என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
பையில்தான் இருந்தது.
காட்டத்தான் கொண்டுபோனேன்,
காட்டியிருந்தால் கேட்டிருப்பார்,
கேட்டால் கொடுக்க வேண்டும்.

பெல்ஜியத்துக்காரன் எழுதியிருக்கிறான்:
கீறல் இருப்பதால் பாதி விலைதான் தேறுமாம்.
விற்கப்போவதில்லை என்று பதில் போட்டேன்.
மார்ச் ரீடிங் வருகிறது.
அந்தத் தெருவை
மரியதாசிடம் மாற்றிக் கேட்கலாமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.