கூசுதா

முதுநகர் ஐஸ் கம்பெனியில்
சறுக்குப் பலகையில் இறங்கிய ஒரு ஐஸ்பார்
கொக்கிக்கு நிற்காமல்
என் தாடையில் வந்து நின்றது.
ஐம்பது கிலோ.
அது உடையவில்லை.

பதினோரு வருஷம் ஆகிறது.
தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம்
ஒரே ராத்திரியில் கடலுக்குப் போகிற ஆனி மாதம்.

கோரிமேட்டில்
கோணிக் கிடந்த எலும்பை நிமிர்த்தித் தகடு வைத்தார்கள்,
ஆறு திருகாணி.
மேல்வரிசையையும் கீழ்வரிசையையும்
கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள்.
பார்க்க வந்தவர்கள் எல்லாம்
"கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பா" என்றார்கள்.
வேறு எப்படி இருக்க.

ஆறு வாரம் கஞ்சித்தண்ணி,
கடைவாய்க்குப் பின்னாலிருந்த சந்து வழியாக.
கொட்டாவி வந்து
வாசல்வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போகும்.

கம்பி பிரித்த அன்று
எலும்பு கூடிவிட்டது என்றார் பெரிய டாக்டர்.
அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.
அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த நஸ்ரின் டாக்டர்
ஒரு நோட்டில் என் பெயரை எழுதி
"எலும்புக்கு வாரக் கணக்கு தனகோட்டி,
பல்லுக்கு வருஷக் கணக்கு. ஒவ்வொரு ஆனிக்கும் வாங்க" என்றார்.

போகிறேன்.
பாண்டி பஸ்ஸில்
முள்ளோடை தாண்டியதும்
இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிடுவார்கள்.
ஜன்னல் சீட்டு எனக்கு.

சின்னக் கண்ணாடியின் பிடியால்
ஒவ்வொரு பல்லாகத் தட்டுவார்.
டொக். டொக். டொக்.
ஒன்று மட்டும் டிங்.

எலும்பு பிளந்த கோடு
கோரைப்பல்லின் காலடியில் போனது.
பிடுங்கிவிடலாம் என்றுதான் அன்று பேச்சு.
ஆட்டம் போட்டபடியே அது பிழைத்துக்கொண்டது.
இரண்டு பல் தள்ளி
ஒன்றுமே நடக்காததுபோல் வெள்ளையாக நின்றதே, அது
மூன்றாம் வருஷம் சாம்பல் பூத்தது.
வலிக்கவே இல்லை.

படத்தில் அதன் வேர்
ஆனிக்கு ஆனி குட்டை.
எலும்பே வேரைத் தின்கிறது என்கிறார்.
எனக்குப் புரிகிற விஷயம்தான்.
உமி போடாத பாரும் இப்படித்தான்,
நின்ற இடத்திலேயே
அடியிலிருந்து.
"இதுக்கு உமி ஏதாச்சும் இருக்கா டாக்டர்?"
சிரித்தார். பிறகு
"இல்லை" என்றார்.

கீழுதட்டின் வலப்பாதி
இன்னும் ஊர் வந்து சேரவில்லை.
பருக்கை ஒட்டினால் தெரியாது.
கல்யாணப் பந்தியில் எதிர்வரிசையிலிருந்து
மங்கையர்க்கரசி தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவாள்,
நான் என் உதட்டைத் துடைப்பேன்.
இந்த வயசிலா, என்று
பக்கத்து இலைக்காரர் குனிந்து சாப்பிடுவார்.

கடைசியாக, பஞ்சில் குளிர்மருந்து அடித்துப்
பல்லில் வைப்பார்.
"கூசுதா? கூசினா கை தூக்குங்க."
இருபத்தெட்டு வருஷம் ஐஸோடு பிழைக்கிறவனிடம்
இந்தக் கேள்வி.
சாம்பல் பல்லுக்கு என் கை எழுந்ததே இல்லை.
ஒருமுறை பொய்யாகத் தூக்கிவிடலாமா என்றிருந்தது,
அந்த நோட்டில்
ஒரு நல்ல வார்த்தை விழட்டுமே என்று.
தூக்கவில்லை.
அவருடைய நோட்டு அது,
என்னைப்போல் இன்னும் எத்தனை தாடையோ அதில்.

இந்த ஆனியில் போனபோது
நஸ்ரின் டாக்டர் காரைக்காலுக்கு மாற்றலாகியிருந்தார்.
புதுப்பையன் நோட்டைத் தேடினான்,
பிறகு என் வாயைப் பார்த்து
"எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றான்.
பல் நம்பரை நானே சொன்னேன்.

அன்று ராத்திரி ஷிப்ட்.
பலகையடியில் கிடந்த ஒரு சில்லை எடுத்துக்
கோரைப்பல்லில் வைத்து அழுத்தினேன்.
ஒன்று, இரண்டு,
மூன்று என்பதற்குள்
உச்சந்தலைவரை ஏறியது கூச்சம்.
கண்ணில் தண்ணீர்.
கை தானாக மேலே போய்விட்டது.

மேலே தொட்டியருகே நின்ற பையன்
சைகை என்று நினைத்து
அடுத்த பாரைத் தள்ளிவிட்டான்.

நகர்ந்துகொண்டேன்.