ஆயிரத்துத் தொண்ணூறு

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்
மூவாயிரத்து எண்ணூறு சொல்லி
மூவாயிரத்துக்குத் தந்தார்கள்.
டி.வி. பார்க்கவென்று செய்த யூ.எஸ்.பி. துண்டு,
சுட்டுவிரல் நீளம்.
டி.வி.யைத் தவிர மற்றதெல்லாம் அதற்குக் கேட்கும்.

அன்டெனா என் கைவேலை.
செம்புக் கம்பி, ஏழு சென்டிமீட்டருக்கு
ஒரு மில்லிமீட்டர் குறைய.
அடியில் கிறீம் கிறாக்கர் டின்னின் மூடி.
ஐந்தாம் மாடிக்கும் மேலே
தண்ணீர்த் தாங்கிக்கும்
யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடைகளுக்கும் இடையில்
கடலைப் பார்க்க நிறுத்தினேன்.
முதல் நாளே காகம் வளைத்துவிட்டது.
வெள்ளவத்தைக் காகத்துக்கு
நேராக நிற்கும் எதுவும் ஆகாது.

ஆயிரத்துத் தொண்ணூறு மெகாஹேர்ட்ஸ்.
கறுப்புத் திரையில் வரி வரியாக ஒரு விமானம்
தன்னைச் சொல்லிக்கொண்டு வருகிறது:
இது என் எண்
இது என் உயரம்
இந்த வேகம், இந்தத் திசை.
செக்கனுக்கு இரண்டு தரம்.
ஒருவரும் கேட்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இதே காலி வீதியில்
தெஹிவளைப் பாலத்தடியில் பஸ்ஸால் இறக்கி
வரிசையில் விட்டபோது
நானும்தான் சொன்னேன்:
பெயர். பிறந்த இடம். தங்கியிருக்கும் இடம்.
வந்த காரியம்.
பொலிஸ் பதிவுத் துண்டை எடுக்கும்போது
கைப்பைக்குள் விரல் நடுங்கும்.
இவன் முப்பத்தெட்டாயிரம் அடியில்
அதே பதில்களைத் தூவிக்கொண்டு
டோஹாவிலிருந்து மெல்பேர்ணுக்குப் போகிறான்,
கீழே ஒரு தீவு இருப்பதே தெரியாமல்.

மூன்றாம் நாள்
மாடிக்குழுச் செயலாளர் குகதாசன் கதவைத் தட்டினார்.
“பிள்ளை, மேலே நிக்கிறது என்ன கம்பி?”
“பிளேன் பாக்கிற கம்பி.”
“ஆர் பாக்கச் சொன்னது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவர் தொடர்ந்தார்:
அந்த நாளையில ரூபவாஹினி பாக்கிற அன்டெனாவையே
கழட்டிக் கட்டிலுக்குக் கீழ வச்சனாங்கள்.
ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இதையும் கழட்டிவிடுங்கோ.
சொல்லிவிட்டுப் போகாமல்
திரைக்கு முன்னால் நின்றார்.
கட்டுநாயக்காவில் இறங்கும் ஒன்று
நாலாயிரம், மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என்று
படி இறங்கிக்கொண்டிருந்தது.
“இதுக்கு எங்கடை வீடு தெரியுமோ?”
“தெரியாது. இது கேக்கும், கதைக்காது.”
“அது நல்ல பழக்கம்” என்றார்.

சனி இரவு, ஒன்று நாற்பது.
கடைசி ரயிலும் போய் வெகுநேரம்.
மெரைன் டிரைவில் ஒரு முச்சக்கரவண்டி இருமிவிட்டு அடங்கியது.
அப்போது கேட்டது:
கடல் பக்கமிருந்து, பதிவாக,
ஜன்னல் கண்ணாடி சன்னமாக அதிர.
திரையைப் பார்க்கிறேன்.
தெற்கே இரண்டு புள்ளிகள், இருவருமே தூரத்தில்.
தலைக்கு மேலே எதுவும் இல்லை.
சத்தம் மட்டும் இருக்கிறது.

நான் தீர்மானிக்கும் முன்பே என் உடம்பு
எழுந்து கதவுநிலைக்குள் போய்
முதுகை மரத்தோடு ஒட்டி நின்றது.
எந்தச் சுவர் தாங்கும் என்று
அதற்கு இன்னும் ஞாபகம்.

போன் அடித்தது. குகதாசன்.
“பிள்ளை, இப்ப போறதுக்கு என்ன பேர்?”
“பேர் சொல்லேல்ல.”
மறுமுனையில் மின்விசிறியின் சத்தம்.
இருவரும் அது வத்தளைப் பக்கம் போய்த் தேயும்வரை
போனை வைக்கவில்லை.
பிறகு சொன்னார்:
“கம்பி நிக்கட்டும்.”

காலையில் மேலே போனேன்.
நிமிர்த்திய கம்பிக்குப் பக்கத்தில்
காகத்துக்காக யாரோ
ஒரு பழைய சீ.டி.யை நூலில் தொங்கவிட்டிருந்தார்கள்.
வெயிலில் சுழன்று சுழன்று மின்னியது.
அதன் மறைப்பில்
வடக்கிலிருந்து வருபவை இப்போது சற்று மங்கலாகத்தான் கேட்கும்.
நான் அவிழ்க்கவில்லை.