வெறும் வண்டியின் எடை

எர்ணாவூரில் மூன்று மணிக்கு நின்றது வரிசை.
எனக்கு முன்னால் அறுபத்திரண்டு ட்ரைலர்.
இறங்கி நடந்து எண்ணிவிட்டு வந்தேன்,
வேறு வேலை இல்லை.
கருங்கல் கொட்டிய கரைக்கு அந்தப் பக்கம்
கடல். அதுவும் நகரவில்லை.

டேஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு.
இடது பக்கம் அரிசி, வாடகை, ஷர்லிக்கு ஸ்கூல் வேன்,
மணலிக் காற்று வீசினால் சாத்துகிற ஜன்னலுக்குப்
புதுக் கொக்கி.
வலது பக்கம் ஒரே வரி:
தண்டையார்பேட்டை போஸ்டாபீஸ், ஆர்.டி., ஆயிரத்து ஐநூறு.
நாலு வருஷமாக அந்த வரி மாறவில்லை.
இடது பக்கத்தில்தான் மாதாமாதம்
கையெழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறது.

எங்கள் தொழிலில் ஓய்வுக்கு வயசு கிடையாது.
எதிர் வண்டி லைட் ரெண்டு நாலாகத் தெரிகிற ராத்திரி,
அன்றைக்கு ஓய்வு.
எனக்கு நாற்பத்தாறு.
போன மாசத்திலிருந்து போர்டில் சின்ன எழுத்து
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தெரிகிறது.
ஜெயசீலியிடம் இன்னும் சொல்லவில்லை.

கோட்டி டீ கூடக் குடிக்கமாட்டான்.
பேட்டாவை மடித்து மடித்து
லைசென்ஸ் உறைக்குள் வைப்பான்.
இதே வரிசையில், ஐம்பத்தோரு வயசில்,
ஸ்டியரிங் மேல் தலை வைத்தான்.
தூங்குகிறான் என்று
பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தது.
அதில் ஒன்று என்னுடையது.

தணிகாசலம் அண்ணன் வேறு ரகம்.
ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கினால்
தெருவுக்கே வறுவல்.
எழுபத்துமூன்றில் இப்போது
கொருக்குப்பேட்டை குடோன் வாசலில் ராத்திரி வாட்ச்மேன்.
அந்த மீன் கதையை இன்னும் சொல்கிறார்,
சிரித்து முடித்துவிட்டுப் பத்து ரூபாய் கேட்கிறார்.
யார் செய்தது சரி என்று கேட்கலாம்தான்.
ஒருத்தன் இல்லை.
ஒருத்தருக்குக் காது கேட்காது.

எடை மேடையில் முதலில்
வெறும் வண்டியைத்தான் நிறுத்துவார்கள்.
சீட்டில் விழும்: பதினாலு டன்.
அப்புறம்தான் சுமை.
சுமை எல்லாம் பின்னால் போய்விட்டால்
பாலம் ஏறும்போது முன் சக்கரம் தரை பிடிக்காது,
ஸ்டியரிங் சும்மா சுற்றும்.
முன்னால் வந்து குவிந்தால் பிரேக் சொன்ன பேச்சு கேட்காது.
ஏற்றுகிறவன் பெட்டியைப் பூட்டி
சீல் வைத்துத்தான் கொடுக்கிறான்.
உள்ளே எது எங்கே என்று
ஓட்டுகிறவனுக்குத் தெரியாது.

ஐந்தரைக்கு போன்.
ஜெயசீலி ஏசி கடையிலேயே நிற்கிறாள்.
"ஒரு டன்னா, ஒன்றரை டன்னா? சீக்கிரம் சொல்லு,
ஆஃபர் இன்னிக்கோட முடியுதாம்."
முப்பது டன் இழுக்கிறவனை
அரை டன்னுக்கு யோசிக்க வைத்துவிட்டாள்.
"ஆர்.டி.ய உடைக்கணுமா?"
"அதுல கை வெச்சே, கைய உடைப்பேன்.
லைன்ல நிக்கறதுக்குன்னு ஒரு பேட்டா குடுக்கறானே,
அதுல கட்டு தவணைய."
"இப்டியே செலவு பண்ணா அறுபதுக்கு மேல
என்னடி பண்றது?"
"ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து
பகல்ல ஷீட்டுக்குக் கீழ பொரண்டுகினு கெடக்கற.
தூங்கி எந்திரிச்சாத்தான்யா
அறுபதே வரும்."

கடைப் பையன் சிரித்தது எனக்குக் கேட்டது.
கரண்ட் பில்லை நினைத்தேன்.
கோட்டியின் லைசென்ஸ் உறையை நினைத்தேன்.
ஒரு டன், என்றேன்.
கண் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் வைத்துவிட்டாள்.

நோட்டைப் பிரித்தேன்.
கண்ணாடி என்று எழுத வேண்டும்.
இடது பக்கமா, வலது பக்கமா என்று
பேனாவோடு உட்கார்ந்திருக்கையில்
பின்னால் ஹாரன்.
முன்னால் இரண்டு வண்டி நீளம் காலி.
தூங்கவில்லை என்று
கையை வெளியே நீட்டிக் காட்டிவிட்டு
கியர் போட்டேன்.