வெள்ளி வரும் நாள்

எங்கள் ஊரில் வெள்ளி என்றால் காசு.
திருகோணமலையில் அது ஒரு கிழமை.
இது தெரியாமல் முதல் மாதம்
பிரதான வீதி வங்கியில் கேட்டுவிட்டேன்:
"வெள்ளி வந்துவிட்டதா?"
மூன்றாம் கவுண்டர் றிஸ்மினா
சுவர் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.
"இண்டைக்குப் புதன்தானே, தங்கச்சி."

கணக்குத் திறக்கவே நாலு நடை.
விசாப் பக்கத்தின் பிரதி,
கோணேசபுரி வளாகத்திலிருந்து கடிதம்,
கடிதத்தில் பிழை, பிழைக்கு ஒரு கடிதம்.
கடவுச்சீட்டில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில்
இரண்டு எழுத்தும் ஒரு சாய்கோடும் இருக்கும்;
மகள் என்று அர்த்தம்.
சாய்கோட்டைக் கணினி ஏற்காதாம்.
சேமிப்புப் புத்தகத்தில் இப்போது நான்
யுகேஸ்வரி ஏபி முனியாண்டி.
ஏபி யார் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

தைப்பிங்கிலிருந்து அப்பா அறுநூறு வெள்ளி அனுப்புவார்.
அங்கே கொஞ்சம் பிடிப்பார்கள், இங்கே கொஞ்சம்.
நடுவில் இன்னொரு வங்கி இருக்கிறதாம்,
எந்த ஊர் என்று றிஸ்மினாவுக்கும் தெரியாது,
அதற்கும் பசிக்கிறது.

வகுப்பில் சூரணம் நிறுக்கிறோம்.
சுக்கு ஒரு வராகன், திப்பிலி இரண்டு பணவெடை.
காசையே எடைக்கல்லாக வைத்த காலம் போலும்.
விரிவுரையாளர் சொல்கிறார், அளவு தவறினால் மருந்து நஞ்சு.
நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
வேறு ஒன்றை நிறுத்துக்கொண்டிருக்கிறேன்:
பஸ், பாண், பருப்பு,
ஓடியே தீர்ந்துபோகும் டேட்டா.
வந்த புதிதில் எல்லாவற்றையும்
வெள்ளியாக மாற்றிப் பார்த்து, மலிவு, மலிவு என்று
தின்று தீர்த்தது மூன்று வாரம்.
நாலாம் வாரத்துக்குப் பெயர் வைக்கவில்லை.

வைகாசியில் ரூபாய் வலுத்தது.
தேநீர்க் கடை வானொலி நல்ல செய்தி என்றது.
எழுபத்தொன்று அறுபத்தேழு ஆனதும்
றிஸ்மினா ஸ்லிப்பைக் கொஞ்சம் மெதுவாகத் தள்ளினாள்.
"நாடு நல்லா வருது," என்றாள்,
மன்னிப்புக் கேட்பது போல.
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
ஒரு நாடு நிமிர்வதற்கு
என் பங்கு.

"பத்துமாம்மா?" என்று அப்பா கேட்பார்.
"பத்தும்பா."
புத்தகத்தில் பற்று என்ற பத்தி மட்டும்
நீண்டுகொண்டே போகும்.

அந்த மாதம் வெள்ளி, வெள்ளிக்கிழமைதான் வந்தது.
அன்று போயா. வங்கி பூட்டு.
உட்துறைமுக வீதி இயந்திரம்
அட்டையை உள்ளே இழுத்தது,
யோசித்தது,
திருப்பித் தரவில்லை.
திங்கள்வரை கையில் முந்நூற்றுப் பத்து.
கோட்டை வாசல்வரை நடந்தேன், சும்மா.
புள்ளிமான் ஒன்று பையை முகர்ந்து
போன மாத ஸ்லிப்பை உருவிக்கொண்டது.
மீதி எவ்வளவு என்ற வரியை முதலில் தின்றது.
அதன் முகத்தில்
பெரிதாக மாற்றம் ஒன்றும் இல்லை.

திங்கள் காலை அட்டை திரும்பியது.
அன்றே விடுதியில் டிலோஜினி,
மஹாபொல காசு இன்னும் வரவில்லை,
செவ்வாய் ஊருக்குப் போக வேண்டும்,
ஆயிரம் இருக்குமா என்றாள்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
வாளியில் உடுப்பு அலசிக்கொண்டே கேட்டாள்.

கொடுத்தேன்.
கொப்பியைத் திறந்து எங்கே எழுதுவது என்று
நெடுநேரம் யோசித்தேன். செலவில்லை. வரவுமில்லை.
ஓரத்தில் ஒரு கோடு கிழித்துப்
புதிய பத்தி போட்டேன்.
இந்த ஊரில்
எனக்குத் தர வேண்டியவள்
ஒருத்தி இருக்கிறாள்.

மூன்று வாரமாகிறது.
அவள் மறந்திருக்கலாம்.
நான் நினைவூட்டப்போவதில்லை.